பழுக்க மறுத்த புழுக்கள்: குப்பம் எல்லையில் ஒரு பட்டு வளர்ப்பு நிகழ்வு ஆய்வு

நாலாம் தோலுரிப்பு முடித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்த பட்டுப்புழு ஏழாம் நாளில் பழுத்துவிடும், அதாவது தீனியை விட்டுக் கூடு கட்டத் தயாராகிவிடும். குளிராக இருந்தால் எட்டாம் நாள் ஆகும். ஆந்திராவின் குப்பம் மண்டலத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு ஊரில், ஆடி மாதம் வளர்த்த ஒரு பேட்ச் பதினோராம் நாளும் இலை தின்றுகொண்டிருந்தது. புழு ஏற்றுவதற்காகக் கழுவிக் காயவைத்த நெட்ரிகாக்கள் (புழு கூடு கட்டும் பிளாஸ்டிக் சட்டங்கள்) சுவரோரம் சும்மா கிடந்தன.

விவசாயி தமிழ்க்காரர். பள்ளியில் படித்தது தெலுங்கு, கூடு விற்பது ராமநகரச் சந்தையில் கன்னடத்தில். ஒன்றரை ஏக்கரில் வி1 ரக மல்பெரி வைத்திருக்கிறார். இந்த முறை இறக்கியது 200 முட்டைத் தொகுதி, பைவோல்டின் (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் இனம்) இரட்டைக் கலப்பினம். சாதாரணமாக 130, 140 கிலோ கூடு எடுக்கிறவர். முதல் இரண்டு பருவம் வளர்த்துக் கொடுக்கும் இளம்புழுக்களான சாக்கிப் புழுக்களை வேப்பனப்பள்ளி பக்கத்தில் நான் நடத்தும் மையத்திலிருந்துதான் வாங்கிப் போயிருந்தார். அதனால் சந்தேகம் முதலில் என் மேல்தான் விழுந்தது. இந்த ஆய்வு எனக்குச் சாதகமாக முடிகிறது என்பதால் இதை முன்னாடியே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

"சார், புழு பழுக்கவே மாட்டேங்குது. இலை போடப் போட தின்னுகிட்டே இருக்குது. சாக்கிலதான் ஏதோ கோளாறு" என்றார் போனில்.

"சாவு இருக்காண்ணே?"

"சாவு இல்லீங்க. செத்தாக்கூட பரவாயில்ல, இலைச் செலவாவது மிஞ்சும்."

அதே நாளில் அதே சாக்கியிலிருந்து எடுத்துப்போன மற்றவர்கள் எல்லாரும் அதற்குள் கூடு அறுத்து முடித்திருந்தார்கள். அதனால் முட்டையிலோ சாக்கியிலோ கோளாறு இருக்க வழி குறைவு. ஆனால் அதைச் சொல்லி அவரை அனுப்பிவிட முடியாது. நோய் இல்லை, சாவு இல்லை, பசி மட்டும் அடங்கவில்லை என்றால் அது நேரில் பார்க்க வேண்டிய விஷயம்.

புழுவில் பார்த்தது

பழுத்த புழுவைக் கையில் எடுத்தாலே தெரியும். தீனியை நிறுத்திவிடும். கடைசிப் புழுக்கை ஈரமாக, மெத்தென்று விழும். குடல் காலியானதும் மார்புப் பக்கத்திலிருந்து உடம்பு கண்ணாடிபோலத் தெளிந்து மஞ்சள் ஓடும். உடல் கொஞ்சம் சுருங்கும், தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டி இடம் தேடும். இந்தக் கொட்டகையில் இருந்த புழுக்களிடம் இதில் ஒன்றுகூட இல்லை. தோல் இழுத்துக் கட்டியதுபோல விறைப்பு, நீலம் கலந்த வெள்ளை, முதுகு வழியே பார்த்தால் குடலில் பச்சை நிறைந்திருந்தது. புழுக்கை கறுப்பாக, கெட்டியாக, கோணம் கோணமாக விழுந்துகொண்டிருந்தது. அது ஐந்தாம் பருவத்தின் நடுநாளில் இருக்க வேண்டிய தோற்றம். எடையில் மட்டும் பழுத்த புழுவையும் தாண்டிப் போயிருந்தது.

ஒரு புழுவின் கால் நுனியைக் கத்தரித்துப் பார்த்தேன். வந்த நீர் தெளிவாக இருந்தது, எனவே பால் நோய் இல்லை. வாந்தி, கழிச்சல் இல்லாததால் தட்டை நோய் இல்லை. சுண்ணாம்புபோல விறைத்த பிணம் ஒன்றும் கிடைக்கவில்லை. தோலில் ஊசி ஈ வைத்த கறுப்புத் தழும்பு இல்லை. அரைத்து நுண்ணோக்கியில் பார்த்ததில் பெப்ரின் நோயின் வித்துகள் இல்லை. நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லியாக இருந்தால் புழு பச்சையாகக் கக்கி, நெளிந்து, மணிக்கணக்கில் செத்திருக்கும்.

ஒன்றை அறுத்துப் பார்த்ததில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. பட்டுச்சுரப்பி இரண்டும் மடிப்பு மடிப்பாகத் தடித்து, பளபளவென்று நிறைந்திருந்தன. நடுப்பகுதியை ஊசி முனையால் தொட்டு இழுத்தால் இழை வந்தது. உள்ளே பட்டு தயாராக இருந்தது, நூற்கச் சொல்லும் உத்தரவுதான் வரவில்லை.

அப்புறம் கொட்டகையின் கோடியில் ஒரு தட்டைக் காட்டினார் வீட்டு அக்கா. நாலாம் ஜுரத்தில், அதாவது தோலுரிக்கும் முன் தீனி நிறுத்திக் கிடக்கும் நிலையில், ஒரு நாள் பின்தங்கிய புழுக்களைத் தனியாகப் பிரித்து, இளம் இலை வேண்டும் என்று கிணற்றோரத் துண்டிலிருந்து கொய்து போட்டிருக்கிறார். அந்தப் புழுக்கள் எல்லாம் கூடு கட்டியிருந்தன. பின்தங்கியவை நூற்றுவிட்டன, முந்தியவை இன்னும் தின்கின்றன. ஒரே சாக்கி, ஒரே கொட்டகை, ஒரே வெப்பநிலை. மாறியது இலை மட்டும்தான்.

பெரிய அடுக்குகளுக்கான தண்டுகள் மேற்குத் துண்டிலிருந்து வந்தவை. அதற்கு மேற்கே ஒரு வரப்பு, வரப்புக்கு அப்பால் தமிழ்நாடு. அங்கே அவருடைய மச்சான் கத்தரி போட்டிருக்கிறார். வெள்ளை ஈ தொல்லைக்குக் கடையில் கொடுத்த மருந்தை, புழுக்கள் மூன்றாம் தோலுரிப்பில் இருந்த சமயத்தில் பவர் ஸ்பிரேயரில் அடித்திருக்கிறார். ஆடிக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே. காலி பாட்டில் பம்புசெட் கூரையில் செருகியிருந்தது. லேபிளில் இருந்த பெயர் பைரிப்ராக்சிஃபென்.

அந்த மருந்து என்ன செய்யும்

பூச்சியின் வளர்ச்சியை இரண்டு ஹார்மோன்கள் பங்கு போட்டு நடத்துகின்றன. மூளையிலிருந்து பிடிடிஎச் என்ற புரத ஹார்மோன் கிளம்பி மார்பில் உள்ள சுரப்பியைத் தூண்டும். அந்தச் சுரப்பி எக்டைசோனை விடும். உடலின் மற்ற திசுக்களில் அது 20-ஹைட்ராக்சிஎக்டைசோன் என்ற வீரியமான வடிவத்துக்கு மாறும். இது சொல்வது 'தோலை உரி' என்பது மட்டுமே. உரித்த பிறகு என்ன ஆக வேண்டும் என்பதை இன்னொரு ஹார்மோன் முடிவு செய்கிறது. மூளைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் கார்ப்போரா அல்லாட்டா என்ற சிறு சுரப்பிகள் விடும் இளம்பருவ ஹார்மோன் அது. எக்டைசோன் எழும்போது இது இருந்தால் புழு இன்னொரு பெரிய புழுவாகும், இல்லாவிட்டால் கூட்டுப்புழு ஆகும். பட்டுப்புழு வளர்ந்து முடிவது ஒன்று வந்து சேர்வதால் அல்ல, ஒன்று இல்லாமல் போவதால். எனக்கு இந்த நிகழ்வு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

இதில் பாதியை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே பட்டுப்புழுதான். 1938-ல் பிரான்சில் பூன்யோல் பட்டுப்புழுவின் கார்ப்போரா அல்லாட்டாவை அறுத்து எடுத்தார். இன்னும் தோலுரிக்க வேண்டிய சின்னப் புழுக்கள் அவசரப்பட்டுக் கூடு கட்டிக் குட்டிக் கூட்டுப்புழுக்கள் ஆயின. 1940-ல் ஜப்பானில் ஃபுகுடா, தோலுரிக்கும் ஹார்மோன் மார்புச் சுரப்பியிலிருந்து வருகிறது என்று பட்டுப்புழுவிலேயே காட்டினார். 1954-ல் ஜெர்மனியில் பூட்டனாண்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவை அரைத்து வடித்து 25 மில்லிகிராம் எக்டைசோன் படிகம் எடுத்தார்கள். நூல் ஆலையில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்தக் கூட்டுப்புழுக் குவியல்தான் அவர்களுக்கு மூலப்பொருள்.

பூன்யோலின் சோதனையைத் தலைகீழாகத் திருப்பினால் குப்பத்துக் கொட்டகை வந்துவிடும். அவர் ஹார்மோனை எடுத்துவிட்டார், புழு சீக்கிரம் முடித்தது. இங்கே ஹார்மோன்போல நடிக்கும் ஒன்று நுழைந்துவிட்டது, புழு முடிக்கவே இல்லை.

இந்த மாதிரி ஒரு புதிர் 1960-களில் ஹார்வர்டிலும் நடந்திருக்கிறது. பிராகிலிருந்து வந்த காரெல் ஸ்லாமா தன்னோடு கொண்டுவந்த செந்நிற நாவாய்ப்பூச்சிகளை அங்கே வளர்த்தார். ஊரில் ஒழுங்காக முதிர்ந்தவை அங்கே பெரியவை ஆகாமல் ஒரு பருவம் கூடுதலாகத் தோலுரித்துச் செத்தன. கரோல் வில்லியம்ஸும் அவரும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தது, கிண்ணத்தில் விரித்த காகிதத் துண்டுதான் காரணம் என்று. நியூயார்க் டைம்ஸ் தாளை விரித்தாலும் அதே கதி, லண்டன் டைம்ஸ் தாளில் ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்கக் காகிதத்துக்குக் கூழாகும் பால்சம் ஃபிர் மரத்தில் இளம்பருவ ஹார்மோன்போல வேலை செய்யும் ஒரு பொருள் இருந்தது. 1966-ல் வில்லியம் பவர்ஸ் குழுவினர் அதைப் பிரித்தெடுத்து ஜுவாபியோன் என்று பெயர் வைத்தார்கள். பூச்சியை வளரவிடாமலே ஒழிக்கலாம் என்ற யோசனைக்கு இதெல்லாம் வலு சேர்த்தது. மெத்தோப்ரீன், ஃபெனாக்சிகார்ப், பைரிப்ராக்சிஃபென் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஃபெனாக்சிகார்ப் பழத்தோட்டங்களில் புழக்கத்துக்கு வந்த காலத்தில், வட இத்தாலியின் பட்டு வளர்ப்பாளர்கள் நம்மவர் பார்த்த அதே காட்சியைப் பார்த்தார்கள். காரணம் அந்த மருந்துதான் என்று 1990-ல் அங்கேயே அடையாளம் கண்டார்கள்.

மரபணுவில் நடப்பது

ஹார்மோன் எப்படி மரபணுவை எட்டுகிறது என்பதற்குக் கண்ணால் பார்த்த முதல் சாட்சி 1960-ல் கிடைத்தது. க்ளெவரும் கார்ல்சனும் கைரோனோமஸ் என்ற சிறு ஈயின் புழுவுக்கு எக்டைசோன் ஊசி போட்டார்கள். அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கும் பெரிய குரோமோசோம்களில் குறிப்பிட்ட இடங்கள் சிறிது நேரத்தில் உப்பின. மரபணு விழித்து வேலை செய்யும் இடங்கள் அவை. எக்டைசோனைப் பிடிக்கும் ஏற்பிப் புரதம் 1991-ல் தெரிந்தது. அது இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏ மேலேயே உட்கார்ந்திருக்கும், ஹார்மோன் வந்து ஒட்டியதும் மரபணுக்களை வரிசையாக எழுப்பும்.

இளம்பருவ ஹார்மோனின் ஏற்பி சிக்குவதற்கு இன்னும் நாளாயிற்று. மெத்தோப்ரீன் தெளித்தும் சாகாத ஒரு பழ ஈயை 1986-ல் வில்சனும் ஃபேபியனும் கண்டெடுத்தார்கள். அதில் கெட்டுப்போயிருந்த மரபணு மெட். அதன் புரதம்தான் ஏற்பி என்பது 2011-ல் உறுதியானது. அதே ஆய்வில் பைரிப்ராக்சிஃபென் அந்த ஏற்பியை உண்மையான ஹார்மோனைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது என்றும் தெரிந்தது. மெட் விழித்தால் கேஆர்-எச்1 என்ற மரபணு வேலை செய்யும். கேஆர்-எச்1 இருக்கும் வரை, கூட்டுப்புழுவாக்கும் பிராட் மரபணுவும் அந்துப்பூச்சியாக்கும் ஈ93 மரபணுவும் எழும்ப முடியாது. ஒரே டிஎன்ஏ-வில் புழுவும் கூட்டுப்புழுவும் அந்துப்பூச்சியும் எழுதப்பட்டிருந்தாலும், எந்தப் பக்கம் திறக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த மூன்று நான்கு மரபணுக்களின் இழுபறிதான் தீர்மானிக்கிறது.

ஐந்தாம் பருவத்தின் தொடக்க நாட்களில் பட்டுப்புழு இளம்பருவ ஹார்மோன் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதையும் ஒரு எஸ்டரேஸ் நொதி வெட்டிப் போட்டுவிடும். ஹார்மோன் தீர்ந்த பிறகுதான் மூளை பிடிடிஎச் விடும், மார்புச் சுரப்பி விழிக்கும், எக்டைசோன் முதலில் கொஞ்சமாக எழும். புழு தீனியை விட்டு, குடலைக் காலி செய்து, இடம் தேடி நூற்பதற்கு அந்தச் சின்ன எழுச்சியே காரணம். பிறகு வரும் பெரிய எழுச்சியில் கூட்டுக்குள் தோலுரித்துக் கூட்டுப்புழு ஆகும்.

பைரிப்ராக்சிஃபென் மூலக்கூறில் அந்த நொதி வெட்டக்கூடிய எஸ்டர் இணைப்பே கிடையாது. புழு தன் சொந்த ஹார்மோனை ஒழுங்காகத் துடைத்துவிட்டது, வெளியிலிருந்து வந்தது மட்டும் ஏற்பியில் ஒட்டிக்கொண்டு நின்றது. கேஆர்-எச்1 அணையவில்லை, எக்டைசோன் எழவில்லை. புழுவின் கணக்கில் அது இன்னும் சின்னப் புழு, வளரத் தின்ன வேண்டும்.

விவசாயி கேட்ட ஒரு கேள்வியை இங்கே சொல்லியாக வேண்டும். "அந்த இலையை நாலாம் பருவத்திலயே போட்டேனே, அப்ப நல்லாத்தானே ஜுரத்துக்குப் போய் எந்திரிச்சுது?" என்றார். எங்கள் பக்கத்தில் பலரும் தப்பான முடிவுக்குப் போவது இந்த இடத்தில்தான். நாலாம் பருவத்தில் தோலுரிக்கும்போது இளம்பருவ ஹார்மோன் எப்படியும் உடம்பில் இருக்கும், இருந்தாக வேண்டும். அதே வேலையைச் செய்யும் போலி ஒன்று கூடுதலாக வந்ததால் வெளியில் ஒன்றும் தெரியாது. ஐந்தாம் பருவத்தில்தான் அது இருக்கவே கூடாத நாள் வருகிறது. அதனால் இந்த மருந்தின் பாதிப்பு எப்போதும் கடைசியில்தான் வெளிப்படும், பழியும் கடைசியாக வந்த ஏதோ ஒன்றின் மேல் விழும்.

வேறு வளர்ச்சித் தடுப்பு மருந்தாக இருந்தால் கதையே வேறு. நோவலூரான், லூஃபெனூரான் வகை, தோலுக்கு உறுதி தரும் கைட்டின் உருவாவதைக் கெடுப்பவை, அவை பட்ட புழு அடுத்த தோலுரிப்பிலேயே தோல் கிழிந்து செத்திருக்கும். டெபுஃபெனோசைடு எக்டைசோன்போல நடிப்பது, அது தின்பதை நிறுத்தி அகாலத்தில் தோலுரிக்க வைத்துத் தலையோடு மாட்டிக்கொள்ளச் செய்திருக்கும். எந்த நாளில் எது நின்றது என்று கேட்டாலே மருந்தின் குடும்பத்தைச் சொல்லிவிடலாம்.

சோதித்துப் பார்த்தது

லேபிளையும் காற்றையும் வைத்து மட்டும் தீர்ப்புச் சொன்னால் என் மேல் இருந்த பழியை மச்சான் மேல் தள்ளியதாகிவிடும். இன்னொரு விவசாயியிடமிருந்து அப்போதுதான் நாலாம் தோலுரிப்பு முடித்த புழுக்களை வாங்கி மூன்று தட்டில் பிரித்தோம். ஒன்றுக்கு மேற்கோர இலை, ஒன்றுக்குக் கிணற்றோர இலை, இன்னொன்றுக்கு மேற்கோர இலையைத் தண்ணீரில் நன்றாக அலசி. கிணற்றோரத் தட்டு நாள் தவறாமல் பழுத்தது. மேற்கோரத் தட்டில் சில புழுக்கள் மட்டும் விரல் அழுத்தினால் உள்ளே போகும் மெல்லிய கூடு கட்டின, மற்றவை தின்றுகொண்டே இருந்தன. அலசிய இலையிலும் ஏறக்குறைய அதே நிலைதான். இந்த மருந்து எண்ணெய்ப் பசையில் கரைவது, இலையின் மெழுகுக்குள் இறங்கிவிடும். அலசினால் போய்விடும் என்று நம்பி இலையைப் போடுகிறவர்களுக்காகவே மூன்றாவது தட்டை வைத்தோம்.

கொட்டகையில் மீதமிருந்த புழுக்களுக்கு விவசாயி ஏற்கெனவே ஒரு முயற்சி செய்திருந்தார். மைசூரு மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சம்பூர்ணாவைக் கொடுத்திருந்தார். அது தாவர எக்டைஸ்டீராய்டு, அதாவது தாவரத்திலிருந்து எடுத்த, எக்டைசோன்போல வேலை செய்யும் பொருள். சில புழுக்கள் பழுத்த பிறகு இலையில் தெளித்துக் கொடுத்தால் மற்றவையும் ஒரே சமயத்தில் பழுக்கும். எக்டைசோன் எழவில்லை என்றால் வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்பது நியாயமான யோசனைதான். நடந்தது வேறு. கொஞ்சம் புழுக்கள் மெல்லிய இழை விட்டன. சில புழுக்கள் தலையைத் தூக்கி அசையாமல் நின்றன. நூற்கத் தேடும் அசைவு அதில் இல்லை, அது ஜுரத்துக்குப் போகும் நிலை. ஒன்றிரண்டில் பழைய தலையோட்டுக்குப் பின்னால் புதுத் தலையின் வெளிர் முக்கோணம் தெரிந்தது. ஐந்தாம் பருவப் புழு ஆறாம் பருவத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. இளம்பருவ ஹார்மோன் போலி உள்ளே இருக்கும்போது எக்டைசோன் கொடுத்தால் கிடைப்பது இன்னொரு புழுத் தோலுரிப்புதான். புத்தகத்தில் படித்திருந்தாலும் தட்டில் பார்த்தபோது எனக்கே சிலிர்த்தது. அவருக்குச் சிலிர்க்கவில்லை, இலைக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வகைப் பொருளை முழு விரோதியாகவும் ஆக்க வேண்டாம். ஐந்தாம் பருவத்தின் சரியான நாளில் மிக மிகச் சிறிய அளவில் மெத்தோப்ரீன் கொடுத்தால் புழு கொஞ்சம் கூடுதலாகத் தின்று கூடு எடை ஏறும். ஜப்பானில் அதற்கென்றே மருந்து வந்தது. அளவு ஏறினாலோ நாள் தப்பினாலோ கூடே கிடைக்காது. வரப்பு தாண்டிக் காற்றில் வருவதற்கு அளவும் தெரியாது, நாளும் தெரியாது.

அதற்குப் பிறகு

அந்தப் பேட்சில் தேறியது பின்தங்கிய தட்டும் சொற்பக் கிலோ மெல்லிய கூடும்தான். மீதியைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். இழப்பீடு கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மல்பெரி ஆந்திராவில், கத்தரி தமிழ்நாட்டில், எந்த அலுவலகத்தில் எந்த மொழியில் மனு எழுதுவது என்ற இடத்திலேயே அந்தப் பேச்சு நின்றது. மச்சானிடம் கோபப்படவும் முடியவில்லை. "உன் புழுவுக்கு ஆகாதுன்னு எனக்கு எப்படி மாமா தெரியும், கடைக்காரன் குடுத்ததை அடிச்சேன்" என்றார், அது உண்மை. கத்தரிக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டிப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். அடித்தே ஆக வேண்டும் என்றால் காற்று அடங்கிய விடிகாலையில், முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிட்டு அடிப்பது என்று பேசிக்கொண்டார்கள்.

மேற்குத் துண்டை விவசாயி அடியோடு கவாத்து செய்து, வெட்டிய தண்டையெல்லாம் வெளியே தள்ளினார். புதுத் துளிர் இலையை முதலில் ஒரு தட்டுப் புழுவுக்கு ஐந்தாம் பருவம் முழுக்கப் போட்டுப் பார்த்தோம், பழுத்தன. இந்தச் சோதனைக்கு ஒரு வாரம் பிடிக்கும் என்பதுதான் அதன் குறை. அதனால் காய்கறித் தோட்டம் பக்கத்தில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு, இரண்டு பருவம் முந்திய பேட்சிலிருந்து கொஞ்சம் புழுவை இப்போது நானே தனியாகக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் இலை சரியில்லை என்றால், பெரிய பேட்ச் நாலாம் தோலுரிப்பிலிருந்து எழுவதற்குள் தெரிந்துவிடும், வேறு இலைக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

வரப்போரத்தில் இருந்த மூன்று வரிசை மல்பெரியைப் பிடுங்கிவிட்டு அகத்தியை நெருக்கமாக நட்டிருக்கிறார். அது தலைக்கு மேல் வளர்ந்து காற்றை மறிக்கும் வரை, அடுத்த இரண்டு வரிசை இலையும் எருக்குழிக்குத்தான் போகிறது.